தணலில் வைத்த அம்பர்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால், தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போகிறேன் என்று எழும்பிவிடுகிற ஆள் நான். கோயிலுக்குப் போவேன், தேருக்கு வடம் பிடிப்பேன், அது வேறு. ஆனால் செத்த ஆள் வந்தது, கதவு தானாகத் திறந்தது என்கிற கதைகளில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. கதவு தானாகத் திறந்தால் அதைத் தாங்குகிற பிணைச்சல் சரியில்லை என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கக் கதவும் அலுமாரியும் செய்கிறவன் சொல்கிறேன், வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக் கதவையும் வந்து பார்த்துத் தருகிறேன்.

அதனால் இப்போது சொல்லப் போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் இந்நேரம் கோப்பை கழுவத்தான் போயிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உங்களுக்கு ஏதாவது விளக்கம் தெரிந்தால் சொல்லுங்கள், உண்மையாகவே அது எனக்குப் பெரிய உதவி.

என் பட்டறை ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் இருக்கிறது. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் டயர் மாற்றுகிறார்கள், மற்றப் பக்கம் மிக்சர் பைக்கற் பண்ணுகிறார்கள். சமையலறை அலுமாரிகள்தான் முக்கிய வேலை. அதோடு எங்கள் தமிழ் ஆட்களின் நகைக்கடைகளுக்குக் கண்ணாடிப் பெட்டிகளும் செய்வேன், உள்ளே வெளிச்சம் வைத்து, பூட்டு வைத்து. அப்படி ஒரு நகைக்கடையில் சங்கிலிக் கொக்கி திருத்த வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, நகையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். அவள்தான் மிஸிஸ் அல்டோனா.

லித்துவேனியா என்று ஒரு நாடு இருப்பது அதற்கு முதல் எனக்குப் பேரளவில்தான் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் அங்கிருந்து தப்பி வந்த சனத்துக்கு நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் மேல்மாடியில் இரண்டு அறை முழுக்க அம்பர். அம்பர் என்றால் வேறொன்றுமில்லை, மரப்பிசின். ஆதிகாலத்துப் பைன் மரங்களில் வடிந்த பிசின் மண்ணுக்குள் கிடந்து கல்லாகி, பால்டிக் கடல் அதைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்குகிறது. அதில் மாலை, செபமாலை, புகையிலை பிடிக்கிற சுங்கான், பாய்மரக் கப்பல், நாட்டின் வரைபடம், எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். அந்த அறைகளைப் பார்த்துக்கொள்வது மிஸிஸ் அல்டோனா. எண்பது தாண்டிய மனுசி, சம்பளம் கிடையாது, ஆனால் ஒரு பெட்டியில் விரல் அடையாளம் பட்டால்கூட முகம் சுளிப்பாள். பழைய பெட்டிகள் எல்லாம் வளைந்து தூசி உள்ளே போகிறது, புதிதாகச் செய்து தா என்றாள்.

முதல்நாள் அளவெடுக்கப் போனபோது எனக்கு வகுப்பே எடுத்துவிட்டாள். ஒரு துண்டைத் தன் கம்பளிச் சட்டையில் தேய்த்து, கிழித்த கடதாசித் துணுக்குகளுக்கு மேலே பிடித்தாள், துணுக்குகள் துள்ளி ஒட்டின. இதைச் சீப்பும் செய்யும் என்று நான் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தாள். வருகிற சனம் எல்லாம் உள்ளே பூச்சி இருக்கிற அம்பரைத்தான் தேடும், எறும்பு எங்கே நுளம்பு எங்கே என்று கேட்கும், எனக்குப் பூச்சியில் விருப்பமில்லை என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளனல் பை எடுத்து, அதற்குள் இருந்த கல்லை என் உள்ளங்கையில் வைத்தாள்.

பெரிய கல் இல்லை, ஒரு நல்ல பேரீச்சம்பழ அளவு. ஊடே பார்க்க முடியாத வெளிர் மஞ்சள், பழைய வெண்ணெய் நிறம். பூச்சி இல்லை, துளை இல்லை, வேலைப்பாடு எதுவும் இல்லை. வழுவழுவென்று இருந்தது. கல்லென்று சொல்ல முடியாதபடி கையில் சூடாக இருந்தது, அது அம்பரின் குணமாம்.

அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கிறாள், ரூத்தா என்று பெயர். ஊரைவிட்டு வண்டியில் ஓடியபோது அல்டோனாவுக்கு ஐந்து வயது, ரூத்தாவுக்கு இரண்டு நிறையவில்லை. பல் முளைக்கிற பிள்ளைக்குக் கடிக்க அம்பர் கொடுப்பது அவர்களின் வழக்கம். பிள்ளை அழுதால் வழியில் ஆபத்து என்று தாய் அந்தக் கல்லை அதன் கையில் கொடுத்தே கொண்டுவந்தாளாம். ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் காய்ச்சல் வந்து ரூத்தா போய்விட்டாள். புதைத்த இடம் தெரியாது. படம் ஒன்றுகூடக் கிடையாது. தாயும் தகப்பனும் போன பிறகு, அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கல்லும் அல்டோனாவும்தான்.

"இது அருங்காட்சியகத்தின் கல் இல்லை, என்னுடையது," என்றாள். அவள் ஆங்கிலத்தில்தான் கதைப்பாள், நான் தமிழில் சொல்கிறேன். "நடுப் பெட்டியில் இதை வைக்க வேண்டும். எனக்குப் பிறகு யாரும் குப்பையில் போடக்கூடாது. இதற்கென்று அளவாக ஒரு இருக்கை செய்து தாருங்கள்."

அப்படி அளவாகச் செய்வதென்றால் கல் என் கையில் இருக்க வேண்டும். கொடுக்க அவளுக்கு மனமே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை கொண்டுபோய்த் திங்கள் காலை திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் வாங்கினேன். ஊரில் இருந்த எங்கள் வீடு எரிந்தபோது ஆல்பங்களும் எரிந்தன. செத்துப்போன என் தம்பியின் முகத்தை நினைத்துப் பார்க்க இப்போது எனக்குச் சிரமமாக இருக்கிறது. அதனால் அந்தக் கல் என்னவென்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உள்சட்டைப் பையில் வைத்து, ஒரு கையால் பொத்திக்கொண்டே 401 நெடுஞ்சாலையில் ஓட்டிவந்தேன்.

இனி என் மனைவி சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே பட்டறைக்கு வருவாள், சாம்பிராணி காட்ட. கடை திறந்த வாரத்திலிருந்து இது நடக்கிறது. புகை பட்டால் தீ எச்சரிக்கைக் கருவி கத்தும் என்று அதற்குக் குளிக்கிற தொப்பி ஒன்றைப் போட்டுவிட்டு, பின்பக்கத்துப் பெரிய கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, தூபக்காலில் கரி மூட்டி, சாம்பிராணியும் குங்கிலியமும் போட்டு, மூலை மூலையாகக் கொண்டு திரிவாள். மரம் அறுக்கிற வாளில் என் கை போகாமல் இருப்பது தன்னுடைய புகையால்தான் என்பது அவளுடைய கணக்கு. வாளுக்கு நான் காவல் தகடு போட்டிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். தகடு வாங்க உங்களுக்குப் புத்தி வந்ததும் புகையால்தான் என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதைக்கே போவதில்லை.

அன்றைக்கும் தை மாதக் குளிரில் கதவைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, நாலரை ஐந்து மணிக்கே அந்த மாதத்தில் இருட்டிவிடுமே. நான் கல்லின் வடிவத்தைக் கடதாசியில் வரைந்து எடுத்துவிட்டு, மரத்தூள் படாமல் இருக்கட்டும் என்று கல்லை யன்னலடித் தட்டில் வைத்தேன். பட்டறையில் தூள் படாத ஒரே இடம் அதுதான். அவளுடைய சாம்பிராணியும் குங்கிலியமும் இருக்கிற தகர ரின்னும் அதே காரணத்துக்காக அங்கேதான் இருக்கும். எனக்கு அந்த நேரம் இது தோன்றவேயில்லை. முன்பக்கம் போய்க் கண்ணாடி விளிம்பைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. சாம்பிராணி மணம் எனக்குத் தெரியாதா, அது இல்லை. பச்சைப் பைன் பலகையை அறுத்தால் வருகிற மணம். ஆனால் அன்றைக்கு நான் பைன் அறுக்கவில்லை.

"இஞ்சரப்பா," என்று பின்பக்கமிருந்து சுகந்தி கூப்பிட்டாள், "உந்தக் குங்கிலியம் என்ன ஒரு புது மாதிரி மணக்குது? கடைக்காரன் ஏதோ கலந்துபோட்டான் போல."

"எதைப் போட்டனீர்?"

"யன்னலடியில கிடந்ததுதான். நல்ல கட்டியாக் கிடந்தது, உடைக்க மனம் வரேல்லை, அப்பிடியே வைச்சிட்டன்."

தீட்டுகிற மெஷினை நிற்பாட்டாமலே ஓடினேன். "ஐயோ, அது அந்த மனிசியின்ர தங்கச்சியடி!" என்று கத்தினேன். மனைவியை 'அடி' சொல்லிக் கதைக்கிற பழக்கம் எனக்கில்லை, அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. அவளுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை.

தூபக்காலில் கரி சிவப்பாக இருந்தது, நான் கண்ணால் கண்டேன். அதன் நட்டநடுவில் கல். அம்பர் மெழுகுதிரி போல எரிந்துவிடும் என்று அல்டோனா எனக்கு முதல்நாளே சொல்லியிருந்தாள். குறட்டால் தூக்கி எடுத்து, புதுக் கண்ணாடித் தட்டொன்றின் மேல் வைத்து, ஊதி ஊதிப் பார்த்தேன். எரியவில்லை. கருகவில்லை. ஒரு கறுப்புப் பொட்டுக்கூட இல்லை. விரலால் தொட்டேன், வழக்கமான சூடுதான், கையில் வைத்திருந்தால் எவ்வளவு சூடோ அவ்வளவுதான். அப்பாடா என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

பிறகுதான் சுகந்தி, "இதென்ன பள்ளம்?" என்றாள்.

கல்லின் ஒரு பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. நான் வரைந்து எடுத்தபோது அது இல்லை. அந்தக் கல்லைத் தடவித் தடவித்தானே வரைந்தேன், சத்தியமாக இல்லை. குறடு பட்ட அடையாளம் என்று முதலில் நினைத்தேன். குறடு பிடித்தது நீளப் பக்கத்தில், பள்ளம் இருந்தது முகப்பில். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால் பள்ளத்துக்குள் கோடு கோடாக, வளைந்து வளைந்து ரேகை. யாரோ பிசைந்த மாவில் பெருவிரலை அமத்தி எடுத்தது போல இருந்தது.

சரி, சூட்டில் இளகியிருக்கும், நான் எடுக்கும்போது என் விரல் பட்டிருக்கும். நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன், பள்ளத்தின் விளிம்புக்குள்ளேயே போகவில்லை. சுகந்தியின் விரல் மெல்லிய விரல், அவள் வைத்தாள், போகவில்லை. அவளுடைய சின்னவிரலின் நுனிகூடப் போகவில்லை. எங்களுக்கு ஒரே மகன், அவன் வாட்டர்லூவில் படிக்கிறான், ஆறடி உயரம். பட்டறைக்குச் சின்னப் பிள்ளைகள் வருவதில்லை, நான் விடுவதுமில்லை.

"அப்ப இது ஆற்ற விரல்?" என்றாள் சுகந்தி.

எனக்கு அந்த நேரம் ரேகையில் எல்லாம் கவனமில்லை. ஒரு கிழவியின் ஒரே சொத்தைப் பழுதாக்கிவிட்டேன் என்பதுதான் மனதில் நின்றது. என்னிடம் மினுக்குகிற சில்லு இருக்கிறது, அந்தப் பள்ளத்தைத் தேய்த்துச் சமன் செய்ய எனக்கு அதிக நேரம் போகாது, கல் ஒரு சொட்டு மெலியும், அவளுடைய பழைய கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சில்லைச் சுற்றவும் விட்டுவிட்டேன். சுகந்தி வந்து சுவிச்சை நிற்பாட்டினாள்.

"ஒரு பிழை நான் விட்டது. அதை மூடப் போய் இன்னொண்டை நீங்கள் விடாதேங்கோ. கொண்டுபோய்க் குடுத்து உள்ளதைச் சொல்லுங்கோ."

அன்றைக்கு அவள் சொல்லைக் கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் சில நேரம் எனக்கு உடம்பு கூசும். அந்த ரேகையையே தேய்த்து அழித்திருப்பேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரூஜ் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு அலுமாரிக்குள் கல் பூட்டிக் கிடந்தது. திங்கள் காலை எடுத்தபோது பிளனல் பை ஈரமாக இருந்தது. பையின் ஒரு மூலை மட்டும், பிள்ளை வாயில் வைத்துச் சூப்பினது போல. அலுமாரிக்குள் மற்ற உடுப்புகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை பனியில் நனைந்தது காயவில்லையாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புறப்பட்டேன்.

மிஸிஸ் அல்டோனா மேல்மாடியில் தன் மேசையில் இருந்தாள். நான் கதிரையில் இருக்கவுமில்லை, கோட்டைக் கழற்றவுமில்லை, நின்றபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். குங்கிலியம் என்றால் என்ன, வெள்ளிக்கிழமை என்றால் என்ன, எல்லாம். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"என் தங்கச்சியை நெருப்பில் வைத்தீர்களா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பெட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கல்லை வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். நான் பையை மேசையில் வைத்தேன். தொட்டதும் பை ஏன் ஈரம் என்று கேட்டாள், தெரியாது என்றேன். அவள் பையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். கல்லை வெளியே எடுத்து, வெளிச்சம் பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள்.

பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கதவடிவரை போய்விட்டேன்.

"உங்கள் கடையில் இருந்த பிள்ளை யார்?" என்றாள்.

"பிள்ளைகள் ஒருவரும் இல்லை."

"பொய் சொல்ல வேண்டாம். கோபமில்லை, சொல்லுங்கள். யாருடைய பிள்ளை?"

என் மகனின் படத்தைப் போனில் காட்டினேன், தாடியோடு நிற்கிற படம். வேண்டுமென்றால் சுகந்தியோடு கதையுங்கள் என்று போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னாள். ரேகைக்குக் குறுக்கே, சற்றுச் சரிவாக, வெட்டினது போல ஒரு கோடு. வெள்ளிக்கிழமை போன் வெளிச்சத்தில் எனக்கு அது தெரியவில்லை.

வண்டியில் வந்தபோது ஒரு பெட்டியின் மூடி ரூத்தாவின் பெருவிரலில் விழுந்ததாம். பக்கத்தில் இருந்து அந்த மூடியைத் திறந்து விளையாடியது அல்டோனா. பிள்ளை கத்தின கத்தில் தாய் அதன் வாயைப் பொத்தினாளாம். காயம் ஆறி, குறுக்கே ஒரு தழும்பு, சரிவாக. "இதை நான் என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை," என்றாள். பிறகு அழுதாள். அந்த வயதில் ஒரு மனுசி அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை, ஐந்து வயதுப் பிள்ளை குழப்படி செய்துவிட்டு அழுகிற அழுகை அது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெட்டி வேலையை நிற்பாட்ட வேண்டாம் என்றாள். செய்து முடித்தேன். ரேகை மேலே தெரியும்படி கல்லைப் படுக்க வைத்து, வால்நட் மரத்தில் ஒரு இருக்கை. பூட்டுக்கு இரண்டு திறப்பு, ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம்.

இப்போது நீங்கள் சொல்வீர்கள், தழும்புக் கதையை அவள் கண்ணாடியில் பார்த்த பிறகுதானே சொன்னாள், வயசான மனம் பார்த்ததை நினைவாக்கிக்கொண்டிருக்கும் என்று. அதையும் யோசித்தேன். அந்த மண்டபத்துக் குழுவில் ஓய்வுபெற்ற ரசாயனப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், அவர் இன்னொரு விளக்கம் சொன்னார். தாய் அந்தக் காலத்தில் கல்லுக்கு மெழுகும் எண்ணெயும் பூசிப் பூசி வைத்திருப்பாள், பிள்ளையின் ரேகை அதற்குக் கீழே எப்போதோ பதிந்திருக்கும், சூட்டில் மேல்பூச்சு உருகினதும் வெளியே தெரிந்தது. கல் எரியாததற்கும் காரணம் வைத்திருந்தார், தணல் அணைந்திருக்குமாம். இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது சுகந்திக்கு வந்த கோபம்!

"என்ர தணல் அணைஞ்சதோ? இத்தனை வருசத்தில ஒரு வெள்ளியாவது என்ர தணல் அணைஞ்சதோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ அந்தப் புரபெசரிட்ட."

எனக்குப் பேராசிரியரின் விளக்கம் பிடித்திருந்தது. ஒழுங்கான விளக்கம், பிணைச்சல் சரியில்லை என்பது போல. பையின் ஈரத்தை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டால் எல்லாம் பொருந்தியது. நான் அதையே நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியே இருக்க மாட்டேன்.

ஒவ்வொரு மாசியும் நான் அங்கே போக வேண்டும். பெட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொதிகளை மாற்றி, உள்பக்கக் கண்ணாடியைத் துடைத்துவிடுவது என் பொறுப்பு, அப்படித்தான் பேசினோம். முதல் மாசி போனபோது கல்லைத் தூக்கிக் கீழே துடைத்துவிட்டு, சும்மா ஒரு விளையாட்டுக்கு என் சின்னவிரல் நுனியைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பு போலத்தான், போகவில்லை. அடுத்த மாசி வைத்தபோது நுனி உள்ளே இறங்கியது. நான் மெலிந்திருக்கிறேன் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், மனம் அப்படித்தான் வேலை செய்யும், உள்ள காரணம் எல்லாவற்றையும் தேடிப் பிடிக்கும். பள்ளம் தேய்ந்து அகன்றிருக்கும் என்றும் நினைத்தேன். பூட்டிய பெட்டிக்குள் கிடக்கிற கல் எதில் தேய்வது?

இந்த மாசி போனேன். மிஸிஸ் அல்டோனா இப்போது சக்கர நாற்காலியில். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சந்தோசம். "திறவுங்கள், திறவுங்கள்," என்றாள். திறந்தேன். சின்னவிரலை வைத்தேன், அதைச் சுற்றி இடம் மிஞ்சியது. மோதிரவிரல் அளவாகப் போனது. இருக்கை நான் அந்தக் கல்லுக்கென்று குடைந்தது, இன்றைக்கும் ஒரு கடதாசி நுழையாமல் அதில் உட்காருகிறது. கல் துளியும் மாறவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ரேகைகள் தேய்ந்தும் இல்லை, முதல் நாளைவிடத் தடிப்பாக, தெளிவாக இருந்தன. குறுக்கே ஓடிய தழும்பு நீண்டிருந்தது. சின்ன வயதில் பட்ட காயம் பிள்ளையோடு சேர்ந்து நீளுமே, என் முழங்காலிலும் ஒன்று இருக்கிறது, அது போல.

நான் கையை எடுத்துவிட்டேன். பயம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு சொல் இல்லை.

அவளுக்குப் பயம் துளியும் இல்லை. "நானும் ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்க்கிறேன்," என்றாள். "இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது வந்திருக்கும், இல்லையா? அம்மா பார்த்திருக்க வேண்டும்." உறவுக்காரப் பிள்ளை ஒன்றைப் பற்றிக் கதைப்பது போலத்தான் கதைத்தாள். மேசையிலிருந்த பிஸ்கட்டை எனக்கு நீட்டினாள், நானும் ஒன்றை எடுத்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

பெட்டியைப் பூட்டப் போனபோது கையைப் பிடித்தாள். அப்போதுதான் அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு கவலையைப் பார்த்தேன்.

"நீங்கள் அளவு தெரிந்தவர், அதனால் கேட்கிறேன். கல் இவ்வளவுதான். அவள் இன்னும் வளருவாள். இதற்குள் இடம் போதாமல் போகும்போது அவள் எங்கே போவாள்?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது. அவள் அதை நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறாள், போன கிழமையும் போன் எடுத்து, யோசித்தீர்களா என்று கேட்டாள்.